கண்டக்டரின் வலது முட்டி

முட்டி வலியோடு ஒருவர் உங்கள் அறைக்குள் வரும்போது, உடனே கையிலிருக்கும் எக்ஸ்ரே உறையைப் பிடுங்காதீர்கள். அவர் எந்த வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் நல்ல காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். நோயாளியை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்கிறீர்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரே கோடு போட்டுத் தருகிறது. பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை நல்ல படமாக இருந்தாலும் அதில் நோயாளியின் மனைவி தெரியமாட்டார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. கால் வில்லாக வளைந்தவர்களுக்கு உடம்பின் பாரம் முழுக்க முட்டியின் உள்பாதியில் இறங்கும். அந்தப் பாதி தேயும், வெளிப்பாதி புதிது போலவே இருக்கும். தேய்மானம் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பின் வெளிப்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்துவிட்டு இடைவெளியை மூடுவோம். கால் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பும், பாரம் நல்ல பாதிக்கு மாறும். பிறகு எலும்பு கூடும் வரை மாவுக்கட்டு. எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் முட்டியையே மாற்றுவதெல்லாம் மாநாடுகளில் கேட்கிற கதை. இருந்தது இந்த ஆபரேஷன் ஒன்றுதான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சாலையோரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. அங்கேதான் எனக்கு வேலை. வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வெள்ளைத் தூசி பறக்கப் போய்க்கொண்டே இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நின்றால் போதும், யாரும் டாக்டர் என்று நினைக்கமாட்டார்கள், சிமெண்டு மூட்டை தூக்குகிற ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த ஆபரேஷன் கேட்டு முதலில் வந்தவர் ஒரு குவாரி காண்டிராக்டர். நல்ல கனத்த உடம்பு. முட்டி இரண்டு பாதியும் போய்விட்டது, பாதிக்கு மேல் மடங்கவும் இல்லை. ஆளுக்கு மட்டும் தைரியத்தில் குறைச்சலே இல்லை. "எவ்வளவு வேணாலும் வெட்டுங்க டாக்டர், நான் பாறையையே வெட்டுறவன்" என்றார். முடியாது என்றேன். எனக்குப் பயிற்சி தந்த சீஃப் சொன்னது காதில் இருந்தது: "பாரத்த எடுத்து வைக்க ஒரு நல்ல பக்கம் மிச்சம் இருக்கணும்யா. அது இல்லாதவனுக்கு வெட்டினா, பழைய வலியோட புது வலியும் சேத்துக் குடுத்து அனுப்புற." காண்டிராக்டர் கோபித்துக்கொண்டு போனார். அரியலூர் கடைவீதி முழுக்க நான் 'வெட்டத் தெரியாத டாக்டர்' என்று கொஞ்ச நாள் பேச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். ஆனாலும் அதைத் துடைத்துக்கொண்டு போனேன். ஆபரேஷன் செய்யாமல் விட்டதில் வந்த கெட்ட பெயர் சீக்கிரம் மறையும், செய்து கெடுத்ததில் வந்தது நம்மோடு கூடவே வரும்.

அந்தச் சமயத்தில்தான் கலியபெருமாள் வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அரியலூர் – பெரம்பலூர் வண்டி. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், தொண்டை மட்டும் ஊருக்கே போதும். இரண்டு முட்டிக்கும் நடுவே அவருடைய டிக்கெட் பை நுழைந்து வெளியே வந்துவிடும், அப்படி ஒரு வளைவு. அதில் வலது முட்டிதான் மோசம். உட்காரச் சொன்னேன்.

"வேணாம் சார். உக்காந்தா எந்திரிக்கிறது பெரும்பாடு. நின்னுகிட்டே சொல்லிடுறேன்."

அவர் பிரச்சினை இதுதான். கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் கொடுக்க முடியவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தபடி குரல் கொடுக்கிறார், பாதிப் பேர் டிக்கெட் வாங்காமல் இறங்கிவிடுகிறார்கள். செக்கிங் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டிப்போவில் சொல்லியாகிவிட்டது.

"நிக்க முடியாத கண்டக்டர வச்சுகிட்டு டிப்போ என்ன பண்ணும் சார்? அவங்க சொல்றதும் நியாயந்தானே" என்று அவரே எதிர்க்கட்சிக்கும் வாதாடினார். "எனக்குப் புது முட்டியெல்லாம் வேணாம். ரிட்டயர் ஆகுற வரைக்கும் நின்னா போதும். அதுக்கப்புறம் உக்காந்துக்கிறேன்."

இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன நோயாளியை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை. பரிசோதித்தேன். உள்பாதிதான் தேய்ந்திருந்தது. வெளிப்பாதி அருமையாக இருந்தது. முட்டி முழுக்க மடங்கியது, நீட்டினால் நேராக நீண்டது. வயது சரி, எடை சரி. ஒன்றே ஒன்று இடித்தது, சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு. புகை பிடிக்கிறவனுக்கு வெட்டிய எலும்பு ஒன்று சேர மறுக்கும். பீடியை விட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அனுப்பினேன். திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். வாயில் சீரக மிட்டாய். சாட்சிக்குத் தன் டிரைவர் காதர் பாயையும் கூட்டி வந்திருந்தார். "வல்லாஹி, அல்லா மேல சத்தியமா சார், பீடி வாசனையே இல்ல. என்னமோ வேற டிப்போ வண்டிய ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார் பாய். ஆபரேஷனுக்குத் தேதி வைத்தேன்.

ஒரு விஷயத்தை அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கால் கம்பு மாதிரி நேராக வராது. நேரைத் தாண்டிக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும், அப்படி இருந்தால்தான் பலன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் மனைவி அஞ்சலையிடம், "டாக்டரு கம்பாட்டம் நேராக்கிடுவாரு புள்ள" என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்தோம். ஆள் விழித்துத்தான் இருந்தார். துணித் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசிக்கொண்டே வந்தார். வெட்டின விவரமெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஆப்புத் துண்டை எடுத்து, இடைவெளியை மூடிப் பார்த்தபோது கால் அழகாக நேராக நின்றது. தியேட்டர் சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "போதும் சார். பாக்கவே கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றார். என் உதவி டாக்டரும் ஆமாம் போட்டார்.

போதுமா? இந்த இடத்தில் மனசு எப்படி ஆடும் என்பதை நீங்கள் அந்தக் கத்தியைப் பிடிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள். இன்னும் சீவினால் உள்பக்கம் கீல் போலப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு உடைந்துவிடலாம். நிறுத்திவிட்டால் எல்லோரும் கை தட்டுவார்கள், ஆனால் தேய்ந்த பாதியின் மேல் பாதிப் பாரம் அப்படியே இருக்கும், இரண்டு வருஷத்தில் கண்டக்டர் பழையபடி பின் சீட்டுக்குப் போய்விடுவார். மற்றவர்கள் பாராட்டுகிற இடத்தில் நிறுத்தத்தான் கை துடிக்கும். சீஃப் சொல்வார்: "நேரா வந்தா போட்டோவுக்கு நல்லாருக்கும்யா. நடக்கறதுக்கு இன்னும் கொஞ்சம் வேணும்." மெல்லிசாக இன்னொரு சீவல் எடுத்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. "என்ன சார், சிஸ்டரு போதும்னு விசில் குடுத்தப்புறமும் வண்டி நகருது?"

"அடுத்த ஸ்டாப்பிங்லதான் இறங்கணும். பேசாம படுங்க கண்டக்டரே."

கீல் உடையவில்லை. மாவுக்கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பிவிட்டுத் திருப்தியாக டீ குடித்தேன்.

சாப்பாடு கொண்டுவந்த அஞ்சலை போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு கால் பழையபடி வில்லாக வளைந்திருக்கிறது, கட்டுப் போட்ட கால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பலத்த காற்றில் ஒரே பக்கம் படுத்த சோளத்தட்டை மாதிரி இருக்கும். நமக்கு அது வெற்றி. 'கம்பாட்டம்' என்று கேட்டுவிட்டு வந்த மனைவிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலியபெருமாள் நான் சொன்னதை அப்போதுதான் எடுத்துச் சொல்லப் பார்த்திருக்கிறார். டாக்டருக்குப் பரிந்து பேசுகிறார் என்று அஞ்சலை நினைத்துவிட்டார். சிஸ்டரைக் கேட்டால், "டாக்டர்தாம்மா அப்படி வச்சிருக்காரு" என்று பதில். அது இன்னும் மோசம்.

எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் முதலில் கட்டுக் கட்டுகிற வைத்தியரிடம்தான் போவார்கள். அதை நான் கேலி செய்யமாட்டேன். சாதாரண முறிவுகளை அவர்கள் நன்றாகவே கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பெரம்பலூரைத் தாண்டி ரஞ்சன்குடிப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அஞ்சலை போய்க் கேட்டிருக்கிறார். "மாவுக்கட்டப் பிரிச்சுட்டுக் கொண்டா. இழுத்து நேராக்கி மூங்கில் சிம்பு வச்சுக் கட்டிடுறேன். ஆயுசுக்கும் வலிக்காது" என்று சொல்லியிருக்கிறார். இன்னும் கூடாத எலும்பை இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செய்த வேலையும் போகும், எலும்பு கூடாமலே நின்றும் போகலாம். கண்டக்டருக்கு வேலை போய்விடும்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனால் கட்டில் காலி.

"பெரம்பலூர் போற பஸ்ஸு வாசல்லயே வந்து நின்னுச்சு சார். டிரைவரும் நாலு பயணிகளும் எறங்கி வந்து தூக்கிட்டுப் போனாங்க. டிஸ்சார்ஜுன்னு நெனச்சேன்" என்றார் சிஸ்டர்.

மோட்டார் பைக்கை எடுத்தேன். பாதி வழி வரை யார் யாரை எந்த வார்த்தையால் திட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போலீஸ் என்றுகூடச் சொல்லத் தீர்மானித்திருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் டவுன் பஸ் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்ததால், பெரம்பலூருக்கு முன்பே பிடித்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் முந்திப் போய் பஸ்ஸுக்கு முன்னால் பைக்கைக் குறுக்கே நிறுத்தினேன். காதர் பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார்.

ஏறினேன். பின்பக்கத்து நீள சீட்டில் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு கலியபெருமாள் படுத்திருந்தார். அந்தக் காலுக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று மாற்றுக் கண்டக்டர் பக்கத்து ஆளிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்கும் முன் சீஃபின் ஞாபகம் வந்தது. "நோயாளி கத்தினாலும் சரி, உனக்குக் கத்தணும்னு இருந்தாலும் சரி, மொதல்ல கால் விரலப் பாரு" என்பார். குனிந்து விரல்களைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தன.

"கட்டை விரலைத் தூக்குங்க."

தூக்கினார். நரம்பு பத்திரம். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இந்தப் பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க டாக்டரு," என்றார் அஞ்சலை. "நேரா இருக்கற காலா பண்ணித் தாரேன்னுட்டு இப்புடிக் கோணலால்ல வச்சிருக்கீங்க? இவரு இனிமே எப்புடி நிப்பாரு? எப்புடி வேலைக்குப் போவாரு? வூட்ல இவரு ஒருத்தரு சம்பளந்தாங்க."

உள்பாதி, வெளிப்பாதி, பாரம் இறங்கும் கோடு என்று எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன். அஞ்சலை கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. பயணிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கோர்ட்டில் வாய்தா இருந்த ஒருவர், தன் மேல் கேஸ் போட்டவனே நான்தான் என்பது போல என்னை முறைத்தார்.

பைக்கை நிறுத்தியபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். படிக்கட்டுப் பக்கம் கூட்டம் நின்றதால் பஸ் இடது பக்கம் சாய்ந்திருந்தது. "அம்மா, கொஞ்சம் கீழ வாங்க" என்று அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன். காதர் பாயும் இறங்கி வந்தார்.

"பாய், வண்டி ஏன் இப்படிச் சாயுது?"

"லெப்ட் சைடு ஸ்பிரிங் பட்டை தளந்துபோச்சு சார். அந்தப் பக்கமே எல்லாரும் நின்னா என்னாகும்?"

இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்கும்படி பயணிகளைக் கேட்டுக்கொண்டேன். சலித்துக்கொண்டே நகர்ந்தார்கள். பஸ் கொஞ்சம் நிமிர்ந்தது, முழுக்க நிமிரவில்லை. தளர்ந்த பட்டைக்குச் சரிபாதிப் பாரமே அதிகம்.

"இன்னும் கொஞ்சப் பேர் ரைட் சைடு போங்க" என்றேன். யாரும் அசையவில்லை. என் குரலுக்கு அந்த பஸ்ஸில் மரியாதை இல்லை. அப்போது பின் சீட்டிலிருந்து படுத்தபடியே கலியபெருமாள் தன் தொழில் குரலை எடுத்தார்.

"படிக்கிட்ட நிக்கறவங்கல்லாம் ரைட் சைடு போ... போ... மூட்டை வச்சிருக்கற அண்ணே, அந்தப் பக்கம் தள்ளு. மூக்குத்தி அக்கா, நீங்களுந்தான்."

பயணிகள் பழக்க தோஷத்தில் தள்ளி நின்றார்கள். பஸ் நிமிர்ந்து நேராக நின்றது.

"இப்ப ரெண்டு பக்கமும் ஆளு சமமா இருக்காங்களாம்மா?"

அஞ்சலை பின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இல்லிங்க. அந்தப் பக்கம் சாஸ்தி."

"அவர் முட்டியில உள்பக்கத்துப் பட்டை தளந்துபோச்சு. அதான் அந்தப் பக்கம் சாஸ்தியா வச்சிருக்கேன்."

அவர் குனிந்து சக்கரத்துக்கு மேலிருந்த பட்டையைப் பார்த்தார். பிறகு, "அப்ப இது எத்தினி வருசத்துக்குத் தாங்கும்?" என்று கேட்டார்.

ஜன்னலெல்லாம் தலைகள். மொத்த பஸ்ஸும் என் வாயைப் பார்த்தது. 'ஆயுசுக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும், வைத்தியரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கால் அப்படியே ரஞ்சன்குடி போய்விடக்கூடும்.

"வருஷக் கணக்குச் சொல்ல முடியாதும்மா. ஒரு நாள் திரும்ப வலிக்கும். அது நிச்சயம். ஆனா அந்த நாளை ரொம்பத் தூரம் தள்ளி வச்சிருக்கேன். எலும்பு கூடுற வரைக்கும் கட்டைப் பிரிக்காம இருந்தா, எழுந்து நின்னு வேலை பார்ப்பார்."

"டாக்டரே இப்புடிச் சொல்லிட்டாரே" என்று ஜன்னலில் ஒரு தலை அலுத்துக்கொண்டது.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வைத்தியரு காலையே பாக்காம ஆயுசுக்கும் வலிக்காதுன்னாரு. இவரு வெரல் வரைக்கும் தொட்டுப் பாத்துட்டு வலிக்கும்ங்கறாரு. பாய், வண்டியத் திருப்புங்க."

"டவுன் பஸ்ஸத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்ல தங்கச்சி" என்றார் காதர் பாய். "எதுத்தாப்ல வர்ற வண்டிய வேணா நிறுத்துறேன்." நிறுத்தினார். தூக்கிக்கொண்டு வந்த அதே நாலு பேர், வாய்தாக்காரர் உட்பட, கண்டக்டரைத் தூக்கிச் சாலையைக் கடந்து அந்த வண்டியில் ஏற்றினார்கள்.

எலும்பு கூடியது. பரிசோதனையில் தேறினார், பையை மாட்டிக்கொண்டு தன் வண்டிக்கே திரும்பினார். அன்றிலிருந்து நான் கத்தி எடுப்பதற்கு முன் வீட்டில் அந்தக் காலைப் பார்க்கப்போகிற ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கால் எப்படித் தெரியும் என்று வரைந்து காட்டிவிடுவேன். ஆபரேஷன் வெற்றி பெற என்னென்ன வேண்டும் என்று நீங்கள் பரீட்சையில் எழுதுகிற பதிலில் வயது, எடை, வளைவு, புகை எல்லாம் வரும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மார்க் போடமாட்டார்கள், பரவாயில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை அவர் பஸ்ஸில் போயிருக்கிறேன். கூட்டத்துக்குள் பாம்பு மாதிரி நெளிந்து வருவார். படிக்கட்டில் நின்றால் எனக்கும் ஒரே அதட்டல்தான்: "டாக்டரு சார், ரைட் சைடு போங்க. வண்டி வலிக்குதுங்குது."

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் கணவன் மனைவி இருவரும் என் அறைக்கு வந்தார்கள். அவருக்குத் தலை நரைத்திருந்தது, தோளில் டிக்கெட் பை இல்லை. வழக்கம்போல நின்றுகொண்டே காட்டினார்; வலது முட்டியின் உள்பக்கத்தை அழுத்தினேன். முகம் சுளித்தார்.

"எப்பத்திலேர்ந்து வலிக்குது?"

"கொஞ்ச நாளா சார். ரிட்டயர்மெண்டு ஆகி மாலை போட்டு வூட்ல கொண்டாந்து விட்டாங்க. அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எக்ஸ்ரேயைத் தேடுவது போல மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அஞ்சலை விடவில்லை.

"ஒரு நாளு வலிக்கும்னு நடு ரோட்ல வச்சுச் சொன்னீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க டாக்டரு" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன். அத்தனை வருஷமாக என் அறையில் ஒரு முறைகூட உட்காராத கலியபெருமாள், காலை நீட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.